உறிஞ்சுகுழிக்கு முன்னும் பின்னும்

நாண் என்றொரு குணம் உண்டு. வீரத்துக்கு மேடை கிடைக்கிறது, கொடைக்குக் கல்வெட்டு கிடைக்கிறது, கல்விக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. நாணுக்கு இவற்றுள் ஒன்றும் கிடைப்பதில்லை. தகாத செயலொன்றைத் தன் கை செய்யத் துணியும்போதோ, பிறர் செய்வதைத் தன் கண் காணும்போதோ, உள்ளே ஏதோ ஒன்று தொட்டாற்சிணுங்கி இலைபோல் கூசிச் சுருங்குகிறது. அதற்கே முன்னோர் நாண் என்று பெயரிட்டனர். பின்வந்த நாம் அதனைப் பெண்களின் வெட்கம் என்று குறுக்கிவிட்டோம். அக்குணம் ஒரு குழாய்க்காரரிடம் இருந்தது. அதுவும் அவருடைய மூக்கின் இடப்பக்கத்தில் இருந்தது.

அவரை எல்லோரும் முகஞ்சுளி என்றே அழைத்தனர். மரியாதை கருதி நாம் முகஞ்சுளியார் என்போம். குழாய் வேலையில் அவருக்கு முப்பதாண்டுப் பழக்கம். அடைத்துக்கொண்ட கழிவறைக் குழாய்க்குள் முழங்கை வரை கைவிட்டுப் பிறர் வீட்டு அழுக்கை அள்ளி வெளியே போடுவார்; அப்போது அவர் முகம் கற்சிலைபோல் அமைதியாக இருக்கும். ஆனால் அந்த வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று, "நாங்க குழாயில எதையும் போடுறதே இல்லீங்க, எப்படி அடைச்சுதுன்னே தெரியல" என்பார். உடனே இவருடைய இட மூக்குத்துளை மேலேறும், கன்னத்தில் இரண்டு கோடுகள் விழும், உதடு ஒருபுறம் இழுத்துக்கொள்ளும். கையில் துணிக்கந்தலும் தலைமயிர்ச் சுருளும் சொட்டிக்கொண்டிருக்கும். வாய் திறக்க மாட்டார். சொல்லவேண்டியதை முகமே சொல்லிவிடும். "சாக்கடை நாத்தம் தாங்குவான்யா, பொய் நாத்தம்தான் தாங்கமாட்டான்" என்று உடன் வேலை செய்வோர் கேலி பேசுவர்.

அவருக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. தாம் பொருத்தும் ஒவ்வொரு வால்வின் கைப்பிடியிலும் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி, மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே செருகிவிடுவார். ஈரக்கை வழுக்காமல் இருக்க அது. சிவப்பு டியூபுதான் வேண்டும் என்பார். இருட்டு மூலையிலும் கண்ணில் படும் என்பது அவர் நியாயம். அந்த நகரில் வேறெந்தக் குழாய்க்காரரும் இவ்வளவு மெனக்கெடுவதில்லை.

மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். அவருடைய தையல் இயந்திரம் வீட்டின் பின்புறச் சன்னலோரம் இருந்தது. வெளிச்சம் அங்கேதான் நன்றாக விழும். சன்னலுக்கு வெளியே, மேற்சந்தின் ஒன்பது வீடுகளுக்கும் பொதுவான, பாத்திரம் துலக்கித் துணி துவைக்கும் முற்றம். பிள்ளைகள் இருவர் வெளியூரில் வேலையில் இருந்தனர். கீழ்ச்சந்தில் முகஞ்சுளியாரின் ஒரே தங்கை குடியிருந்தாள். தாய் இறந்தபோது அவளுக்கு நான்கு வயது. தலைவாரிவிட்டது முதல் கட்டிக்கொடுத்தது வரை அண்ணன்தான். அவளுக்கு இப்போது தவழும் பருவத்தில் இரட்டைக் குழந்தைகள்.

துவைக்கும் முற்றத்தின் கழிவுநீர் முன்பெல்லாம் சுவரோரம் ஒரு திறந்த வாய்க்காலில் ஓடி, கடைசி வீட்டுக்கு அப்பாலுள்ள வெற்றிடத்தில் பரந்து, வெயிலில் காய்ந்துவிடும். பார்க்க அழகாக இராது. எனினும் தேங்காது, நாறாது. அப்படியிருந்த இடத்துக்குத்தான் தன்னார்வப் பொறியாளர் குழு வந்தது.

குழுவின் தலைவன் ஓர் இளம் பொறியாளன். முதற் கூட்டத்தன்று துணி காயவைக்கும் கொடியில் ஒரு போர்வையைக் கட்டி, அதன்மேல் படங்களை ஒளிபாய்ச்சிக் காட்டினான். யார் எந்தக் கேள்வி கேட்டாலும், "அது அடுத்த ஸ்லைடுல வருதும்மா" என்றான். கடைசி ஸ்லைடில் நன்றி மட்டுமே வந்தது. அன்று முதல் சந்துப் பெண்கள் அவனுக்கு ஸ்லைடு என்று பெயர் வைத்துவிட்டனர்.

ஸ்லைடின் திட்டம் உறிஞ்சுகுழி. வாய்க்காலை மூடிவிட்டு, முற்றத்து மூலையில் ஆளுயரக் குழி தோண்டி, கல்லும் சல்லியும் நிரப்பினால், கழிவுநீரை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும். மணற்பாங்கான நிலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. கடப்பாரை இரண்டடி இறங்கியதுமே முகஞ்சுளியார் குனிந்து ஒரு கைப்பிடி மண்ணை எடுத்துப் பிசைந்தார். அது பொம்மை செய்யலாம்போல் உருண்டது.

"தம்பி, இது களிமண். குடிக்காது."

"சோதனை பண்ணிட்டுத்தான் அண்ணே முடிவு பண்ணுவோம். நீங்களும் எங்க குழுவுல ஒருத்தர். இந்தாங்க" என்று ஸ்லைடு ஒரு நீலநிற டீஷர்ட்டை நீட்டினான். முதுகில் வெள்ளை எழுத்தில் 'தன்னார்வப் பொறியாளர்' என்று அச்சிடப்பட்டிருந்தது.

முப்பதாண்டுகள் பிறர் வீட்டுப் பின்வாசல் வழியாகவே நுழைந்து பழகியவர் அவர். பொறியாளர் என்ற சொல்லைத் தம் முதுகில் சுமக்கும்போது அது இறகுபோல் கனமற்று இருந்தது. சோதனை விதிப்படி மூன்று இடங்களில் முழ ஆழத்துக்குச் சிறுகுழி தோண்டி, நீர் ஊற்றி, அது வற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறிக்கவேண்டும். முதற்குழியை, இடிந்த சுவரின் செங்கல் கொட்டிக்கிடந்த மேட்டில் தோண்டினர். நான்கு நிமிடத்தில் நீர் காணாமற்போயிற்று. அதற்குள் குழுவை அழைத்துவந்த வேன்காரன், கிளம்பச் சொல்லி இருமுறை ஹாரன் அடித்துவிட்டான்.

"மத்த ரெண்டுக்கும் நாலுன்னே போட்டுருங்க அண்ணே. ஒரே முற்றம்தானே" என்றான் ஸ்லைடு.

முகஞ்சுளியார் தம் பேனாவால் நான்கு, நான்கு, நான்கு என்று எழுதிக் கீழே கையெழுத்திட்டார். அன்று அவர் மூக்கு அசையவில்லை. பின்னாளில் அவரை வாட்டியது அந்த அசையாமைதான்.

குழிக்கு இடம்விட வேண்டியிருந்ததால் பழைய தண்ணீர்க்குழாயை விலக்கி, சுவரோரம் புதுக் குழாய் இழுத்து, புது வால்வு பொருத்தியவரும் அவரே. திறப்பு நாளில் குழியின் மேல் சிமென்ட் மூடி வெண்மையாகப் பளிச்சிட்டது. எல்லோரும் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டனர்.

நாற்பது நாள் கழித்து மூடியின் விளிம்பில் ஈரம் கசிந்தது. மூன்றாம் மாதம் குழி வாய்நிறைய வழிந்தது. சாம்பல் நிறத்தில் ஒரு தோல் படர்ந்து, அதன்கீழ் குமிழிகள் ஒவ்வொன்றாக ஏறி வெடித்தன. சோப்பு நுரையும் எச்சிற் பருக்கைகளும் கொழுப்புத் திரளும் தலைமயிரும் ஒன்றோடொன்று பின்னிப் பிசுபிசுத்தன. வெண்புழுக்கள் மூடியேறிச் சுவர்வரை ஊர்ந்தன. நடப்பவர் காலடியில் அது சளப்பென்று ஒட்டி, இழுத்து, விட்டது. மனைவியான தையற்காரர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு தைத்தார். சன்னலை மூடினால் வெளிச்சமில்லை, திறந்தால் மூச்சில்லை. ஒருநாள் ஒரு தாய் புதுச் சட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து, "தப்பா நினைக்காதீங்க அக்கா, துணியில என்னமோ வாடை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று அவர் இயந்திரத்தை மூடிவைத்துவிட்டு வெளியே வந்து, வழியும் குழியைத் தம் கைப்பேசியில் படமெடுத்து, 'பாருங்க தம்பி, தாங்க முடியல' என்று எழுதிக் குழுவினர்க்கு அனுப்பினார்.

கூப்பிய கைகளின் சின்னம் மட்டும் பதிலாக வந்தது. அதன்பின் ஒன்றும் வரவில்லை.

பின்னர் வந்தது அழைப்பு. நகரிலுள்ள தன்னார்வப் பொறியியல் குழுக்கள் யாவும் தத்தம் திட்டங்களைச் சுவரொட்டியாக்கிக் காட்சிக்கு வைக்கும் கண்காட்சி. அதில் இந்தச் சந்தின் திட்டமும் உண்டு. பயனாளியாக மனைவியும், தன்னார்வலராக நீல டீஷர்ட்டில் கணவரும் வந்து சுவரொட்டியின் அருகில் நிற்கவேண்டும். முதலிடம் பெறும் திட்டம் அடுத்த ஏழு சந்துகளில் வரைபடம் மாறாமல் அப்படியே கட்டப்படும். பட்டியலில் முதலாவது கீழ்ச்சந்து. வெற்றி நிச்சயம் என்று குழு நம்பியதால், வரும் புதன்கிழமையே கடப்பாரை போடுவதாக அங்கே சுண்ணாம்புக் கோடும் போட்டாயிற்று.

தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணா, கோடு எங்க வாசப்படிக்கு ரெண்டடி தள்ளித்தான் போட்டிருக்காங்க. பசங்க தவழ்ற இடம். உங்க வீட்டுப் பின்னாடி நிக்குதே, அது இங்கயும் வந்து நிக்குமா?"

மேற்சந்திலேயே வற்றாத நீர், பள்ளத்திலுள்ள கீழ்ச்சந்தில் எப்படி வற்றும்? "பாக்கறேன்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். கையெழுத்திட்ட அந்தத் தாள் அவர் நினைவில் நாறியது.

கண்காட்சி ஒரு கல்லூரியின் பெரிய கூடத்தில் நடந்தது. குளிரூட்டிய காற்றில் எலுமிச்சை மணம் கலந்து தெளித்திருந்தனர். வரிசை வரிசையாகப் பலகைகள், அவற்றில் ஆளுயரச் சுவரொட்டிகள். எல்லாவற்றிலும் இடப்பக்கம் 'முன்' என்று ஒரு படம், நடுவில் 'பணியின்போது', வலப்பக்கம் 'பின்'. அடியில் 'நாங்கள் கற்ற பாடம்' என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் ஒருவரேனும் பாடம் எதையும் எழுதியிருக்கவில்லை. 'மக்களின் அன்பே மாபெரும் பொறியியல்' என்றும், 'கொடுக்கச் சென்றோம், பெற்று வந்தோம்' என்றும் வாழ்த்து அட்டை வாசகங்களையே ஒட்டியிருந்தனர்.

முகஞ்சுளியார் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனார். பேருந்து நிறுத்தத்தில் ஒரே ஒரு பெஞ்சு போட்டவர்கள், பெஞ்சைவிட நீளமான சுவரொட்டி வைத்திருந்தனர். 'ஓர் இருக்கை, ஆயிரம் உரையாடல்கள்' என்பது தலைப்பு. தெருவிளக்கு நட்டவர்களின் படத்தில் விளக்கு எரியவில்லை. கணினியில் மஞ்சள் கதிர்கள் வரைந்து ஒட்டியிருந்தனர். மருத்துவமனை வாசலில் சரிவுப்பாதை அமைத்தவர்கள், சக்கர நாற்காலியில் ஒரு பெண் பாதையின் அடியில் அமர்ந்து சிரிக்கும் படத்தைப் போட்டிருந்தனர். அந்தச் செங்குத்தில் அவள் மேலேறியதாக எந்தப் படமும் இல்லை. பார்க்கப் பார்க்க அவருக்கு இட மூக்குத்துளை ஏறி ஏறி வலித்தது.

"ஏங்க, மூஞ்சியைக் கொஞ்சம் இறக்குங்க. எல்லாரும் பாக்கறாங்க" என்றார் மனைவி.

"இறங்க மாட்டேங்குதே."

அவர்களுடைய பலகை கூடத்தின் நடுவில் இருந்தது. 'நாற்றத்திலிருந்து நறுமணத்துக்கு' என்று தலைப்பு. ஸ்லைடு புதுச்சட்டையில், கையில் குறுங்கோலுடன் நின்றிருந்தான். "வாங்க அண்ணே, வாங்க அக்கா! அக்கா, நீங்க இப்படி ஓரமா. நடுவர்கள் கேட்டா 'ரொம்ப நிம்மதியா இருக்கோம்'னு ஒரே வரி போதும். அதிகம் பேசினா நேரம் போயிடும்."

தையற்காரர் அவன் சொன்னதைக் கேட்கவில்லை. 'முன்' என்ற படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சாம்பல்நிறத் தோல், குமிழி, புழு ஊரும் சுவர். திட்டத்துக்கு முன் சந்து இப்படி இருந்தது என்று அதன்கீழே எழுதியிருந்தது.

"தம்பி, இது நான் எடுத்த படம்."

"ஆமாக்கா, அருமையான படம். எங்ககிட்ட 'முன்' படம் ஒண்ணுமே நல்லா இல்ல. வெறும் வாய்க்கால்தான் இருந்துது, அதுல ஒரு பாதிப்பே தெரியல."

"உங்க குழி வழியுதுன்னு காட்ட நான் அனுப்பின படம் தம்பி இது!"

"அதே இடம்தானேக்கா? ஜனங்களுக்கு ஒரு உணர்வு வரணும். அவ்வளவுதான்." அவன் குரலில் குற்றவுணர்வு துளியும் இல்லை. பல்லிடுக்கில் சிக்கியதை நாக்கால் தள்ளுவதுபோல் அந்தச் சொற்களைத் தள்ளினான். "திறப்பு நாள் படம் 'பின்'ல இருக்கு பாருங்க, நீங்க அதுல எவ்வளவு அழகா சிரிக்கிறீங்க!"

தையற்காரருக்குக் குமட்டியது. இத்தனை நாள் மூக்கைக் கட்டிக்கொண்டு தைத்தபோதுகூட அப்படிக் குமட்டியதில்லை. அவருடைய முறையீட்டையே எடுத்து, திருப்பிப்போட்டு, நற்சான்றாகத் தைத்துவிட்டார்களே! "ஏங்க, நான் கத்தட்டுமா? இல்ல நீங்க பேசுறீங்களா?" என்று கணவர் பக்கம் திரும்பினார்.

முகஞ்சுளியார் 'முன்' படத்துக்கு மூக்கு முட்டும் அளவு நெருங்கி நின்றிருந்தார். வழியும் குழிக்குப் பின்னால், சுவரோரம், ஒரு வால்வு. அதன் கைப்பிடியில் சிவப்பு டியூபு, மூன்று சுற்று, நுனி உள்ளே செருகியிருந்தது. அங்கிருந்து அவர் கண் மெல்ல நடுப்படத்துக்கு நகர்ந்தது. அதில் அவரே குந்தியமர்ந்து, அதே சுவரோரம், அதே வால்வை, அப்போதுதான் பொருத்திக்கொண்டிருந்தார். கீற்று இன்னும் கையில் இருந்தது. அதற்கும் கீழே, ஒரு சிறு சட்டத்துக்குள், சோதனைத் தாளின் நகல்: நான்கு, நான்கு, நான்கு, கீழே அவர் கையெழுத்து.

முகம் சுளிக்கவில்லை, வெளிறிப்போயிற்று. இந்தப் பலகையில் கிடந்து நாறும் அழுக்கில் முதற்பிடி தம்முடையது என்பது அவருக்கு விளங்கிவிட்டது. வாய் திறந்தால் ஸ்லைடோடு சேர்ந்து தாமும் நாறவேண்டும். திறக்காவிட்டால் புதன்கிழமை தங்கையின் வாசற்படியில் கடப்பாரை விழும்.

நடுவர்கள் இருவர் வந்தனர். ஒருவர் கழுத்துப்பட்டை அணிந்த பேராசிரியர். கையில் மதிப்பெண் தாள். மற்றவர் வடிகால் துறையின் ஆய்வாளர், நடுவயதுப் பெண். கால்வலியால் ஒரு காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு, எல்லாவற்றையும் சலிப்போடு பார்த்துவந்தார். ஸ்லைடு குறுங்கோலால் சுட்டிச் சுட்டி மூன்று நிமிடம் பேசினான். பேராசிரியர் வண்ணத்துக்கும் எழுத்துரு அழகுக்கும் மதிப்பெண் இட்டார்.

"நீங்கதான் உள்ளூர்த் தன்னார்வலரா? அனுபவம் எப்படி இருந்துது?" என்று ஆய்வாளர் கேட்டார்.

"அம்மா, முதல்ல என் பொய்யைச் சொல்லிடறேன்" என்றார் முகஞ்சுளியார். "அந்தத் தாள்ல மூணு நாலு இருக்கு பாருங்க, அது என் கையெழுத்து. அதுல ஒரு நாலுதான் நிஜம். அதுவும் செங்கல் கொட்டின மேட்டுல. மத்த ரெண்டு குழி நாங்க தோண்டவே இல்ல."

ஸ்லைடு சிரித்தான். "அண்ணன் எப்பவும் இப்படித்தான் மேடம், தமாஷா பேசுவார்."

"தமாஷ் இல்ல தம்பி. எனக்கு டீஷர்ட் குடுத்தே, வாயை மூடிக்கிட்டேன். அது என் தப்பு. ஆனா இது உன் தப்பு." விரலால் நடுப்படத்தைத் தொட்டார். "அம்மா, இங்க நான் இந்த வால்வை மாட்டிக்கிட்டு இருக்கேன். சிவப்பு டியூபு சுத்தறது என் பழக்கம், வேற யாரும் செய்யமாட்டாங்க. இப்ப இந்த 'முன்' படத்தைப் பாருங்க. அதே வால்வு, அதே டியூபு, ஏற்கெனவே மாட்டியிருக்கு. மாட்டுறதுக்கு முன்னாடியே மாட்டியிருக்கிற வால்வு உலகத்துல உண்டாம்மா?"

ஆய்வாளர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்தார். ஒரு படத்தையும் மற்றொரு படத்தையும் மாறிமாறிப் பார்த்தார். காலை மாற்றி ஊன்ற மறந்துவிட்டார்.

"அச்சடிக்கும்போது படம் இடம் மாறியிருக்கும்" என்றார் பேராசிரியர்.

"இடம் மாறினா நாறுமா சார்?" என்றார் தையற்காரர். "இது உங்க குழி கட்டி மூணு மாசம் கழிச்சு நான் எடுத்த படம். இப்ப வந்தாலும் பாக்கலாம். இன்னும் கொஞ்சம் உயரம் ஏறியிருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்."

பேராசிரியர் மதிப்பெண் தாளை முன்னும் பின்னும் புரட்டினார். "தெளிவு, வண்ணம், மக்கள் பங்கேற்பு, எதிர்காலப் பயன்... இதுக்கு மார்க் போட ஒரு கட்டமும் இல்லையே" என்று உண்மையாகவே கவலைப்பட்டார். சற்று யோசித்துவிட்டு, மக்கள் பங்கேற்பில் ஒரு மதிப்பெண் கூட்டிப்போட்டார்.

ஆய்வாளர் கேட்டார்: "அடுத்த சந்து எது?"

"என் தங்கச்சி இருக்கிற சந்தும்மா. பள்ளம். புதன்கிழமை தோண்டறாங்க. ரெண்டு குழந்தை தவழுது."

ஆய்வாளர் தம் குறிப்பேட்டில் ஏதோ எழுதி, கோடிட்டுவிட்டுப் போய்விட்டார். எழுதியது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை.

செய்தி கூடம் முழுதும் பரவிற்று. பக்கத்துப் பலகைக்காரர்கள் முகஞ்சுளியாரை, விருந்தில் கைநனைக்கும் நேரத்தில் வாந்தி எடுத்தவரைப் பார்ப்பதுபோல் பார்த்தனர். பொய்ப்படத்தைக் கண்டு யாரும் மூக்கைப் பொத்தவில்லை. அதைச் சொன்னவரைக் கண்டு பொத்தினர். பெஞ்சுக் குழுவைச் சேர்ந்த ஒருத்தி, அவருக்கு எட்டும் தூரத்திலிருந்த பிஸ்கட் தட்டைப் பேசாமல் எடுத்து அப்பால் வைத்தாள்.

ஸ்லைடு அருகில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினான். "என்னண்ணே, இப்படிக் கழுத்தறுத்துட்டீங்க? ரெண்டு வருஷ உழைப்பு!"

"உழைப்பு எல்லாம் எங்க வாசல்ல நிக்குது தம்பி. வந்து அள்ளிக்கிட்டுப் போ."

"குழுவுக்கு விரோதமா பேசினவர் குழு டீஷர்ட்டைப் போட்டுக்கக் கூடாது. கழட்டிக் குடுத்துட்டுப் போங்க."

முகஞ்சுளியார் அங்கேயே கழற்றினார். நூற்றுக்கணக்கானோர் பார்க்க, பனியனுடன் நின்று, அதனைத் துணிக்கடைக்காரர்போல் நான்காக மடித்து, 'தன்னார்வப் பொறியாளர்' என்ற எழுத்து மேலே தெரியுமாறு அவன் கையில் வைத்தார். கூசியது உண்மை. எனினும் அதனை உடுத்தியிருந்த நாட்களில் கூசியிருக்கவேண்டிய கூச்சத்தை அவர் அப்போதுதான் செலுத்தித் தீர்த்தார்.

"நல்லவேளை, பேன்ட்டுல எதையும் அச்சடிக்கல" என்றார் மனைவி, வெளியே நடக்கும்போது.

மாலையில் முடிவு வந்தது. முதலிடம் பெஞ்சுக்கு. 'நாற்றத்திலிருந்து நறுமணத்துக்கு' என்ற சுவரொட்டிக்கும் ஒரு பாராட்டுப் பரிசு உண்டு: சிறந்த வடிவமைப்புக்காக. அதைக் கேட்டுத் தையற்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்தார். முதலிடம் போய்விட்டதே என்று நிம்மதி கொள்ளவும் வழியில்லை. கீழ்ச்சந்து வேலைக்கு ஆட்களை அமர்த்தியாயிற்று, அதை நிறுத்தினால் பெயர் கெடும், ஆகவே அது மட்டும் நடக்கும் என்று குழு தீர்மானித்துவிட்டது.

புதன்கிழமை காலை வேன் வந்தது. கடப்பாரைகளும் வரைபடமும் இறங்கின, ஸ்லைடும் இறங்கினான். சுண்ணாம்புக் கோட்டின்மேல் தங்கை தன் பாயை விரித்து, இரு குழந்தைகளையும் அதில் உட்காரவைத்து, தானும் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, கொஞ்சம் நகருங்க."

"நகர மாட்டேன் தம்பி. வேணும்னா பாயோட சேத்து உறிஞ்சிக்கச் சொல்லுங்க உங்க குழியை."

அப்போது ஒரு பழைய ஸ்கூட்டர் வந்து நின்றது. ஆய்வாளர் காலை இழுத்து இழுத்து இறங்கினார். யாரையும் விசாரிக்கவில்லை, வணக்கமும் சொல்லவில்லை. "மூணு சோதனைக் குழி. மேட்டுல வேணாம், இங்க, இங்க, அங்க. தோண்டுங்க" என்றார். முகஞ்சுளியாரே தோண்டினார். மூன்றிலும் விளிம்புவரை நீர் ஊற்றினார். ஆய்வாளர் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் அமர்ந்துகொண்டார்.

பத்து நிமிடம் ஆயிற்று. அரைமணி ஆயிற்று. நீர் ஒரு நகப்பூச்சுக் கனம் இறங்கியது; பின் அதுவும் நின்றுவிட்டது. ஸ்லைடு கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் வேனைப் பார்ப்பதுமாக இருந்தான். ஒன்றரை மணியில் முதற்குழி நீரில் ஓர் எறும்பு விழுந்து, நீந்திக் கரையேறி, மீண்டும் விழுந்தது. இரண்டு மணி ஆனபோது ஆய்வாளர் எழுந்து, வரைபடத்தை ஸ்கூட்டர் இருக்கையின்மேல் விரித்து, குறுக்கே ஒரு சிவப்புக்கோடு இழுத்தார்.

"இந்தச் சந்துல மட்டுமில்ல, இனி வேற எந்தச் சந்துலயும் மண்ணைப் பாக்காம ஒரு கடப்பாரையும் விழக்கூடாது. மேற்சந்துக் குழியைத் திறந்து, பழைய வாய்க்காலைச் சரிவோட கட்டிக் குடுங்க."

தங்கை குழந்தைகளில் ஒன்றைத் தூக்கி அண்ணன் தோளில் போட்டாள். அது அவர் காதைப் பிடித்து இழுத்தது.

ஸ்லைடு கைப்பேசியை எடுத்து, வற்றாத சோதனைக்குழியை மூன்று கோணங்களில் படமெடுத்தான். "மேடம், இதை வச்சு அடுத்த வருஷம் 'தோல்வியும் ஒரு பாடமே'ன்னு போஸ்டர் போட்டா பிரமாதமா இருக்கும்ல?" என்றான். ஆய்வாளர் ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

மேற்சந்துக் குழியைத் திறக்கும் நாளில் தன்னார்வலர் ஒருவரும் வரவில்லை. அன்று வேறொரு கூட்டம் என்று செய்தி மட்டும் வந்தது. முகஞ்சுளியார் தனியே மூடியை நெம்பினார். முழங்கால்வரை உள்ளே இறங்கி, வாளி வாளியாக அள்ளினார். ஒன்பது வீட்டின் பலமாதக் கசடு அது. கறுத்து, கொழகொழத்து, உயிருள்ளதுபோல் மெல்ல நெளிந்தது. சன்னலுக்குள்ளிருந்து மனைவி, "நானும் வரவா?" என்று கேட்டார். "வேணாம். இதுல கொஞ்சம் என்னுது. நானே அள்ளறேன்" என்றார் அவர். அந்தி சாய்வதற்குள் குழி காலியாயிற்று, சல்லியெல்லாம் மேலேறிற்று, மூடிக்கிடந்த வாய்க்காலும் சரிவோடு திறந்தது, அதில் முதல் வாளி நீர் சலசலத்து ஓடி வெற்றிடத்தில் பரந்தது. சன்னல் முழுதுமாகத் திறந்தது. இயந்திரத்தின் ஓசை கேட்டது.

நாணுடையோர் மனைக்கு எல்லாம் வல்ல இறைவன் காவலாக நிற்க. அம்மனைவாசலில் நீர் தேங்காதிருக்க, நெஞ்சில் பொய் தேங்காதிருக்க. அம்மனையாள் தைக்கும் துணியில் வெயிலின் மணமே ஏறுக. ஊசி பிடிக்கும் கண்ணில் ஒளி குன்றாதிருக்க. வெளியூர் சென்ற பிள்ளைகள் நலமே வீடு திரும்புக. தங்கையின் இரட்டை மழலைகள் உலர்ந்த தரையில் தவழ்ந்து, எழுந்து, நிமிர்ந்து நடக்க. அவ்வில்லத்தார் அனைவரும் நீடு வாழ்க.